கல்யாண மேடை, தேவாலயம், ஐந்தாம் மாடி வீடு: மூன்றுக்கும் எந்த வால்வ் அம்ப்?

ஆறாம்_தந்தி · வெள்ளவத்தை

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாகச் சேர்த்த காசில் ஒரு நல்ல வால்வ் அம்ப், அதாவது கண்ணாடிக் குழாய் வால்வுகளால் கிற்றார் சத்தத்தைப் பெருக்கும் அம்ப், வாங்கப் போகிறேன். இன்னொரு முறை இப்படிச் சேர்க்க முடியாது. வாங்குவது பத்து வருடமாவது என்னோடு இருக்க வேண்டும். ஆகவே கொஞ்சம் நீளமாகவே கேட்கிறேன்.

நான் மூன்று இடத்தில் வாசிக்கிறேன். சனிக்கிழமைகளில் கல்யாண வீட்டு பாண்ட். பைலா, பழைய பொப் பாட்டு, எண்பதுகளின் தமிழ்ப் படப் பாட்டு எல்லாம் வரும். ஞாயிறு காலை கொட்டாஞ்சேனையில் தேவாலய வழிபாடு. அங்கே டிலே (எதிரொலிப் பெடல்) போட்டு மெல்ல எழுந்து வரும் கோர்டுகள்தான் அதிகம். மற்ற நாட்களில் வீடு. அடுக்குமாடியில் ஐந்தாம் மாடி, சுவருக்கு அந்தப் பக்கம் ஏ.எல். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை. வீட்டில் நான் பழகுவது படப் பாட்டு மெலடிகள். பாடகர் கொடுக்கும் கமகத்தை அப்படியே தந்தியில் கொண்டுவரப் பார்க்கிறேன்.

கிற்றார் இரண்டு உண்டு, ஒரு டெலிகாஸ்டர், ஒரு லெஸ் போல். இப்போது இருப்பது சின்ன ட்ரான்சிஸ்டர் அம்ப்.

மனதில் இருப்பவை: ஃபெண்டர் டீலக்ஸ் ரிவேர்ப், வொக்ஸ் ஏசி30, மார்ஷல் ஜேசிஎம்800, மெசா பூகி மார்க் ஃபைவ். அக்கா டொரொண்டோவிலிருந்து டிசம்பரில் வருகிறா. அங்கே விலை குறைவு, கொண்டுவந்து தருகிறேன் என்கிறா. லண்டன் மாமா ஏப்ரலில்தான் வருவார். வீடியோ பார்த்துப் பார்த்து இன்னும் குழம்பிப்போனேன். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


இரும்பு_ரிஃப் · தெஹிவளை

மெசாவைப் பற்றி நான் சொல்கிறேன், என்னிடம் மார்க் ஃபைவ்:25 இருக்கிறது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் வாசிப்பது மெட்டல். கீழ்த் தந்தியை பி வரைக்கும் இறக்கி, உள்ளங்கையால் அடக்கி வாசிக்கிற ஆள். எனக்கு வேண்டியது இறுக்கம். பிக் தந்தியில் பட்ட கணமே சத்தம் வந்து, கை அமர்ந்த கணமே நிற்க வேண்டும்.

அந்த இறுக்கத்துக்குத்தான் எண்பதுகளின் கடைசியிலிருந்து ஆட்கள் அம்ப் கட்டினார்கள். சோல்டானோ எஸ்எல்ஓ-100 வந்தது 1987இல். பீவி 5150 1992இல். மெசாவின் டுவல் ரெக்டிஃபையரும் அந்தக் காலத்துப் பிள்ளைதான். அதில் ரெக்டிஃபையரை, அதாவது சுவரிலிருந்து வரும் ஏசி கரண்டை டிசி ஆக்கும் பகுதியை, வால்விலா சிலிக்கன் டயோடிலா ஓட்டுவது என்று நாமே தேர்ந்துகொள்ளலாம். டயோடில் விட்டால் அடி இறுகும், வால்வில் விட்டால் கொஞ்சம் தொய்ந்து கொடுக்கும்.

மார்க் அம்பில் பலர் பிழை விடுகிற இடம் ஒன்று உண்டு. அதன் பேஸ், ட்ரெபிள் குமிழ்கள் டிஸ்டோர்ஷன் (சத்தம் உடைந்து கரகரப்பது) உண்டாகும் கட்டத்துக்கு முன்னால் இருக்கின்றன. பேஸைக் கூட்டினால் அந்தப் பேஸும் சேர்ந்து உடைந்து சேறாகிவிடும். ஆகவே பேஸை ஒன்றில், இரண்டில் வைத்துவிட்டு, அந்தக் கட்டத்துக்குப் பின்னால் வரும் ஐந்து கோல் ஈக்வலைசரில் அடிக்கனத்தைத் திரும்பக் கொடுக்க வேண்டும். இது தெரியாமல் அரை மணித்தியாலம் வாசித்துவிட்டு "மெசா சரியில்லை" என்று போனவர்களைக் கண்டிருக்கிறேன்.

ஆனால் தம்பி, உங்களுக்கு பைலாவும் வழிபாடும் என்றால் இத்தனை குமிழ் தேவையா என்று யோசியுங்கள்.


கடற்கரை_டெலி · பம்பலப்பிட்டி

எட்டு வருடமாக என்னிடம் இருப்பது டீலக்ஸ் ரிவேர்ப், 65 மாடலின் மறுவெளியீடு. 22 வொட், இரண்டு 6வி6 பவர் வால்வ், ஒரு பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர். எடை கிட்டத்தட்ட 19 கிலோ. நானே தனியே காரில் ஏற்றி இறக்குகிறேன். ட்வின் ரிவேர்ப் என்றால் 85 வொட், அதை இரண்டு பேர் தூக்க வேண்டும்.

பைலாவுக்கு இதைவிட வேறு தேட வேண்டாம் என்பது என் எண்ணம். ஆறுக்கு எட்டுத் தாளத்தில் மேல் தந்திகளை வெட்டி வெட்டி அடிக்கும்போது ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். டோலக்கி, பேஸ், கீபோர்ட் எல்லாம் நடுவில் நெருக்கியடிக்கும். ஃபெண்டரின் நடுச்சுரங்கள் இயல்பாகவே கொஞ்சம் குழிந்திருப்பதால் கிற்றார் மேலே மிதந்து நிற்கும். டீலக்ஸில் மிட் குமிழே கிடையாது. மாஸ்டர் வொல்யூமும் கிடையாது. அதைக் குறை என்று சொல்வார்கள், எனக்கு அது நிம்மதி. போட்டேன், வாசித்தேன், வீட்டுக்கு வந்தேன்.

வழிபாட்டு வாசிப்புக்கு அதன் ஸ்பிரிங் ரிவேர்ப் ஒன்றே போதும் என்று தோன்றும் நாட்களும் உண்டு.

குறை என்று பார்த்தால், வொல்யூம் நாலு வரை தெளிந்த நீர் மாதிரி. ஐந்து, ஆறில்தான் உடையத் தொடங்கும். அந்த ஆறு இருக்கிறதே, அது வீட்டில் வைக்கிற ஆறு இல்லை. பெடல் போட்டுத்தான் சமாளிக்கிறேன். இது பெடலை நன்றாக ஏற்றுக்கொள்ளும்.


சூடான_ஈயம் · மட்டக்குளி

தம்பி ஆறாம் தந்தி, எந்த அம்ப் என்பதைப் பிறகு பார்ப்போம். எந்த நாட்டிலிருந்து என்பதுதான் முதல் கேள்வி. முப்பது வருடத்துக்கு மேலாக அம்ப் திருத்தி ஈயம் உருக்குகிறவன் சொல்கிறேன், கேளும்.

கனடாவில் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். கனடாக் கடையில் வாங்கும் ஃபெண்டரிலும் மெசாவிலும் பெரும்பாலும் அந்த நாட்டு ட்ரான்ஸ்ஃபோமர்தான் இருக்கும். உள்ளே மாற்று வயர் இருக்குமென்று நம்பி வாங்க வேண்டாம். சில அம்புகளில் பின்னால் வோல்ட் தேர்வு இருக்கும். இருந்தால் நல்லது, ஆனால் வாங்க முன்னம் பின்பலகையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் பாரும்.

போன வருடம் ஒரு பிள்ளை என்னிடம் ஒரு ட்வினைக் கொண்டுவந்தான். வெளிநாட்டிலிருந்து வந்தது. மூன்று முள் பிளக்கை மாற்றி நேரே சுவரில் சொருகியிருக்கிறார்கள். ஃபியூஸ் போனது. அத்தோடு நிறுத்தியிருந்தால் அம்ப் தப்பியிருக்கும். பக்கத்தில் இருந்த ஒரு கடையில் பெரிய ஃபியூஸ் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். திறந்து பார்த்தேன். ட்ரான்ஸ்ஃபோமரின் கடதாசி கறுத்து, மெழுகு உருகி சட்டத்தில் ஓடி உறைந்திருந்தது. அந்த வாசம் இரண்டு நாள் அறையை விட்டுப் போகவில்லை. ஃபியூஸ் போனால் அம்ப் ஏதோ சொல்கிறது என்று பொருள். எழுதியிருக்கிற அளவைத் தவிர வேறு ஃபியூஸ் போடவே கூடாது.

வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபோமர் போட்டால் ஓடுமா என்று கேட்பீர். ஓடும், கணக்குப் பார்த்துப் போட்டால். 60 ஹேர்ட்ஸுக்கென்று சுற்றிய ட்ரான்ஸ்ஃபோமரை 50இல் ஓட்டினால் இரும்புக்குள் காந்தப் பாய்ச்சல் ஐந்தில் ஒரு பங்கு கூடும், சூடும் கூடும். 120க்குப் பதில் 110 வோல்ட் கொடுத்தால் அந்தக் கூடுதல் பத்து வீதம் அளவுக்கு இறங்கும். வால்வின் இழைக்கு 6.3 வோல்ட் வேண்டிய இடத்தில் ஏறத்தாழ 5.8 கிடைக்கும். பத்து வீதம் முன்பின் பொறுக்கும் என்பதால் அதுவும் சரி. ஆகவே 110 கொடுக்கும் ஸ்டெப் டவுனே இங்கே நல்லது. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கேட்டுப் பாரும். அம்பின் பின்னால் எழுதியிருக்கும் வொட்டைப் போல இரண்டு மடங்காவது தாங்குவதாக எடும். மூன்றாவது முள், அதாவது எர்த், அம்பின் சட்டம் வரை தொடர்ந்து போகிறதா என்று மீற்றர் வைத்துப் பார்க்காமல் வாசிக்க வேண்டாம்.

ஆனால் கல்யாண வீட்டுக்கும் தேவாலயத்துக்கும் ஒவ்வொரு கிழமையும் அந்த இரும்புக் கட்டியையும் தூக்கிக்கொண்டு போவீரா? ஒரு நாள் அவசரத்தில் யாரோ ஒரு ஒலிபெருக்கிப் பெடியன் உமக்கு உதவியாக நேரே சுவரில் சொருகுவான். ஏப்ரல் வரை பொறுத்திரும். லண்டனில் வாங்கினால் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ், அப்படியே இங்கே ஓடும்.


ஆறாம்_தந்தி · வெள்ளவத்தை

அண்ணா, இது எனக்குத் தெரியவே தெரியாது. டிசம்பரில் அக்கா கையில் வாங்கி அன்றே சொருகியிருப்பேன். இப்போதே அக்காவுக்கு அழைத்து வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மாமாவோடு கதைத்தாயிற்று, ஏப்ரல்தான்.

இனி எந்த அம்ப் என்பதுதான் மிச்சம். ஏசி30 என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆசை. முப்பது வொட் வீட்டுக்கு அதிகமா?


பேஸ்_நாலு · கிருலப்பனை

நான் பேஸ் வாசிப்பவன், சவுண்ட் வேலையும் செய்கிறேன். இந்த வொட் கணக்கை ஒருக்கா எழுதிப் பார்த்தால் முடிவெடுக்கச் சுலபம்.

ஸ்பீக்கருக்கு ஒரு உணர்திறன் அளவு இருக்கும். செலெஸ்டியன் விண்டேஜ் 30 என்றால் ஒரு வொட்டுக்கு ஒரு மீற்றர் தூரத்தில் 100 டெசிபல். ஒரே ஒரு வொட்டுக்கு நூறு! ஐந்து வொட் என்றால் 107. டீலக்ஸின் 22 வொட்டைக் கொடுத்தால் 113. ஐம்பதுக்கு 117, நூறுக்கு 120. பாருங்கள், ஐம்பதுக்கும் நூறுக்கும் வித்தியாசம் வெறும் மூன்று டெசிபல். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்க வேண்டுமென்றால் பத்து மடங்கு வொட் வேண்டும்.

ஆகவே 30 வொட்டா 15 வொட்டா என்பது "எவ்வளவு சத்தம்" என்ற கேள்வி இல்லை. எந்தச் சத்தத்தில் அம்ப் உடையத் தொடங்குகிறது என்ற கேள்வி. வெள்ளவத்தை அடுக்குமாடியில் அரை வொட்டே 97 டெசிபல். பகலில்கூட அது அதிகம். வீட்டுக்குள் பவர் வால்வ் உடையும் சத்தத்தை எந்த அம்பிலும் நீங்கள் கேட்கப் போவதில்லை. இதை ஏற்றுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

கல்யாண மண்டபத்தில் எப்படியும் நான் ஸ்பீக்கருக்கு முன்னால் மைக் வைக்கத்தான் போகிறேன். 15 வொட், 22 வொட் எனக்குத் தாராளம். மேடையில் நூறு வொட் வைக்கிற கிற்றார்காரர் வந்தால் அவருடைய சத்தமே மைக் எல்லாவற்றுக்குள்ளும் புகுந்து, பாடுகிறவரின் குரலை என்னால் மேலே கொண்டுவர முடிவதில்லை.


பழைய_மார்ஷல் · கொட்டாஞ்சேனை

மார்ஷலைப் பற்றி ஒருவரும் எழுதவில்லையே என்று வந்தேன். 1962இல் லண்டன் ஹான்வெலில் ஜிம் மார்ஷலின் கடையில் தங்கள் முதல் அம்பான ஜேடிஎம்45ஐக் கட்டியபோது அவர்கள் முன்னால் வைத்துப் பார்த்தது ஃபெண்டர் பாஸ்மன் அம்பைத்தான். கிட்டத்தட்ட அதே சர்க்கிட். முதல் கட்டத்தில் கூடிய கெய்ன் (பெருக்கம்) உள்ள 12ஏஎக்ஸ்7 வால்வ் போட்டார்கள், மூடிய பெட்டியில் நாலு ஸ்பீக்கர் வைத்தார்கள். கொஞ்ச வருடத்தில் பவர் வால்வ் இஎல்34 ஆனது. இவ்வளவு சின்ன மாற்றங்களிலிருந்து வேறொரு உலகம் பிறந்தது. இதை நினைக்கும்போது எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கும்.

லெஸ் போலை மார்ஷலில் போட்டு, கிற்றாரின் வொல்யூமை ஏழில் வைத்து ரிதம், பத்தில் வைத்து லீட். அதற்கு மேல் ஒரு பெடலும் வேண்டாம். நடுச்சுரங்கள் முன்னால் வந்து முகத்தில் நிற்கும். ராக் வாசிப்பவருக்கு ஜேசிஎம்800தான் என்பேன். அதன் நூறு வொட் மாடலான 2203 வேண்டாம், 2019இல் வந்த ஸ்டூடியோ கிளாசிக் எஸ்சி20 அதே குணம், 20 வொட், 5க்கும் இறக்கலாம். அதை ஸ்பீக்கர் பெட்டி இல்லாமல் தலை மட்டுமாக வாங்கினால் விமானத்தில் கொண்டுவரச் சுலபம். பெட்டியை இங்கேயே மொரட்டுவையில் ஒரு நல்ல தச்சரிடம் பிளைவுட்டில் செய்விக்கலாம். நான் அப்படித்தான் செய்தேன், ஸ்பீக்கர் மட்டும் வெளியிலிருந்து. தலைக்கும் பெட்டிக்கும் நடுவில் ஸ்பீக்கர் வயர்தான் போட வேண்டும், கிற்றார் வயர் போடக் கூடாது.

ஆனால் தம்பி எழுதியதில் ராக் இல்லையே. அதனால்தான் தயங்கித் தயங்கி எழுதுகிறேன்.


மோகனப்_பிரியன் · வத்தளை

ஒருவரும் கமகத்தைத் தொடவில்லை. எனக்கு அதுதான் இந்த இழையில் முக்கியமான விஷயம்.

நான் பத்து வருடம் வயலின் படித்துவிட்டுக் கிற்றாருக்கு வந்தவன். வயலினில் வில் ஓடும்வரை சுரம் சாகாது. கிற்றாரில் தந்தியை மீட்டிய கணத்திலிருந்து சுரம் செத்துக்கொண்டே போகிறது. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு இழுத்து, அங்கே அசைத்து, திரும்பிக் கீழே இறக்குவதற்குள் சத்தம் பாதியாகிவிடும். சுத்தமான அம்பில் கமகத்தின் கடைசி அசைவு காதுக்கே எட்டாது. இடது கை சரியாகச் செய்திருக்கும், ஆனால் கேட்கிறவருக்கு ஒன்றும் போய்ச்சேராது.

வால்வ் மெல்ல உடையும்போது உச்சி அமுங்குகிறது. மீட்டிய கணத்தின் அடி குறைகிறது, பின்னால் வரும் வால் மேலே எழுகிறது. ஏசி15, ஏசி30இல் இஎல்84 வால்வுகள் கதோட் பயஸில் ஓடுகின்றன, அதாவது வால்வின் ஓய்வுக் கரண்ட் தானாகவே அமையும்; வெளிவரும் சத்தத்தில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பித் திருத்தும் நெகட்டிவ் ஃபீட்பாக்கும் கிடையாது. ஆகவே அந்த மாற்றம் படி ஏறுவது போலில்லாமல் சரிவில் ஏறுவது போல வரும். விரல் கொஞ்சம் அழுத்தினால் கரகரப்பு, தளர்த்தினால் தெளிவு. படப் பாட்டு மெலடி வாசிப்பவருக்கு இந்த ஒரு குணம் போதும்.

இன்னொன்றும் கவனியுங்கள். கூடிய டிஸ்டோர்ஷனில் இரண்டு சுரம் சேர்ந்தால் அவற்றின் கூட்டலும் கழித்தலும் புதிய சுரங்களாகக் கேட்கும். சட்ஜமும் பஞ்சமமும் 2க்கு 3 என்ற உறவு, கழித்தால் கீழ்ஸ்தாயி சட்ஜமே வரும், அதனால் கனமாகக் கேட்கிறது. சட்ஜமும் அந்தரக் காந்தாரமும் 4க்கு 5. ஆனால் கிற்றாரின் சமப் பிரிப்பில் அந்தக் காந்தாரம் ஏறத்தாழ 14 சென்ட் (ஒரு அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) கூடி நிற்கிறது. சுத்தமான சத்தத்தில் பொறுத்துக்கொள்ளும் காது, டிஸ்டோர்ஷனில் அதை உறுமலாகக் கேட்கும். வழிபாட்டுக் கோர்டுகளில் மூன்றாம் சுரம் இருக்கும்தானே. ஆகவே அளவுக்கு மேல் கெய்ன் உள்ள அம்ப் உங்களுக்கு உதவாது.


டிஜிட்டல்_கோட்டை · கொழும்பு 5

எல்லோரும் கோபிக்கக் கூடாது. ஐந்தாம் மாடி, தேவாலயம், மண்டபம் என்றால் அம்பின் சத்தத்தை டிஜிட்டலில் போலச் செய்யும் ஒரு கெம்பரோ குவாட் கோர்டெக்ஸோ எடுத்து ஹெட்ஃபோனில் வாசிக்கலாமே. வால்வ் செலவும் இல்லை. 2022இல் ரஷ்ய வால்வ் வரத்து தடைப்பட்டபோது பட்ட பாடு மறந்துவிட்டதா?


கடற்கரை_டெலி · பம்பலப்பிட்டி

கோபம் எதற்கு, நியாயமான கேள்விதான். என்னுடைய மாணவர்கள் பலர் அப்படித்தான் வாசிக்கிறார்கள், சந்தோஷமாக இருக்கிறார்கள். ஆனால் இந்தத் தம்பி வால்வுக்கென்றே இரண்டு வருடம் சேர்த்திருக்கிறார். அறையில் காற்றைத் தள்ளும் ஒரு ஸ்பீக்கருக்கு முன்னால் நின்று வாசிக்கும்போது கை மாறுவது எனக்குத் தெரியும். அது அவருக்கும் கிடைக்கட்டும்.


சூடான_ஈயம் · மட்டக்குளி

வால்வ் கிடைக்குமா என்ற பயத்துக்கு மட்டும் பதில். ஸ்லோவாக்கியாவில் ஜேஜே நிறுவனத்தார் இன்னும் செய்கிறார்கள். ரஷ்யாவில் சரத்தோவ் தொழிற்சாலையும் செய்கிறது. 12ஏஎக்ஸ்7, இஎல்84, இஎல்34, 6எல்6, 6வி6 எல்லாம் சந்தையில் உள்ள வால்வுகள். அம்போடு சேர்த்து ஒரு முழு செட் உபரியாக வாங்கி வைத்தால் பல வருடம் பயமில்லை. கதோட் பயஸ் அம்ப் என்றால் பவர் வால்வை மாற்றிய பிறகு பயஸ் திருத்த வேண்டிய தேவையும் பெரும்பாலும் இல்லை. இஎல்34, 6எல்6 போட்ட அம்புகளில் பெரும்பாலும் திருத்தத்தான் வேண்டும், அதற்கு என்னைப் போல ஒருவரிடம் வரும். அம்பை அணைத்த பிறகும் உள்ளே நூற்றுக்கணக்கான வோல்ட் தங்கி நிற்கக்கூடும். வீட்டில் திறக்க வேண்டாம்.

கொழும்புச் சூட்டுக்கு வால்வ் பயப்படாது, அதன் கண்ணாடியே கை வைக்க முடியாத சூடு. பயப்படுவது கப்பாசிற்றர். பத்துப் பாகை சூடு கூடினால் அதன் ஆயுள் பாதி என்பது எங்கள் கணக்கு. பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் ஒரு முழம் விடும். வெள்ளவத்தையில் கடல் காற்று ஜாக்கையும் வால்வ் சொக்கெட்டையும் அரிக்கும். கிழமைக்கு ஒரு முறையாவது அம்பை ஓடவிட்டால் உள் ஈரம் போகும்.


பறக்கும்_பிக் · டொரொண்டோ (ஊர் வெள்ளவத்தை)

உயர்ந்த ரகம் என்று பேச்சு வந்தால் டம்பிள், டூ-ரொக், மச்லெஸ் என்ற சிறிய அம்ப் தயாரிப்பாளர்களின் பெயர்களும் வரும். டம்பிளை மறந்துவிடுங்கள். அலெக்சாண்டர் டம்பிள் 2022இல் காலமானார், அவர் கையால் செய்தவை சொற்பம், விலை இலட்சம் டொலரைத் தாண்டும். டூ-ரொக்கை இங்கே ஒரு கடையில் ஒரு மணித்தியாலம் வாசித்தேன். பிக் எந்தக் கோணத்தில் பட்டது என்பதுகூடக் கேட்கிறது. கை சுத்தமில்லாத அன்று அதுவே தண்டனை. மச்லெஸ் டிசி-30 வொக்ஸின் வழியில் வந்தது, கட்டுமானம் தேர்மாதிரி. ஆனால் என் காசு என்றால் டெலிகாஸ்டரும் கமகமும் உள்ளவருக்குக் கையால் வயர் செய்த வொக்ஸ் ஒன்றைப் பழையதாகத் தேடுவேன்.


ஆறாம்_தந்தி · வெள்ளவத்தை

மூன்று கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன். கடற்கரை_டெலி அக்காவும் இரும்பு_ரிஃப் அண்ணாவும் தங்கள் அம்புகளையே தூக்கிக்கொண்டு வந்தார்கள். எங்கள் தேவாலயத்தில் ஒருவரிடம் ஏசி15 இருந்தது, அதையும் கேட்டு வாங்கினேன். தெஹிவளையில் ஒரு பயிற்சி அறையை நாலு மணித்தியாலத்துக்கு எடுத்தோம். இந்த உதவியை நான் மறக்க மாட்டேன்.

எல்லா அம்பிலும் ஒரே மூன்று சாமான்களைத்தான் வாசித்தேன்: ஒரு பைலா வெட்டு, டிலே போட்ட ஒரு நீண்ட கோர்ட், ஒரு மெலடி வரி. அந்த வரியில் மத்யமத்திலிருந்து பஞ்சமத்துக்கு இழுத்து, அங்கே இரண்டு அசைவு கொடுத்து, காந்தாரத்தில் இறங்க வேண்டும்.

டீலக்ஸில் பைலா வெட்டு வந்ததும் அறையிலிருந்த எல்லோரும் சிரித்துவிட்டோம். அவ்வளவு பொருத்தம். ஆறு தந்தியும் ஆறு ஆட்கள் மாதிரி தனித்தனியே நின்றன. மெலடி வரியில் வொல்யூம் மூன்றில் இரண்டாவது அசைவு செத்துப்போனது, மோகனப்_பிரியன் எழுதியது அப்படியே. ஆறுக்கு ஏற்றியதும் பாடியது, ஆனால் டிரம்ஸ் இல்லாத அறையில் காது பொறுக்கவில்லை.

மார்க் ஃபைவில் மெலடி வரி மிகவும் சின்னச் சத்தத்திலேயே வால் அறுபடாமல் வந்தது. கெய்ன் எல்லாம் முன் கட்டத்திலிருந்தே வருவதால் வொல்யூம் தேவையில்லை. ஹெட்ஃபோன் வசதியும் உள்ளேயே இருக்கிறது. ஒரு கணம் இதுதான் என்று நினைத்தேன். பிறகு கவனித்தேன், நான் மெல்லத் தொட்டாலும் அழுத்தி மீட்டினாலும் கிட்டத்தட்ட ஒரே சத்தம். கோர்டுக்கு ஒரு சனல், மெலடிக்கு ஒரு சனல் என்று காலால் மாற்றிக்கொண்டே இருந்தேன். இரும்பு_ரிஃப் அண்ணா வாசித்தபோது அதே அம்ப் வேறு மிருகம். அவருடைய கைக்கு அது சரி.

ஏசி15இல் பைலா வெட்டு டீலக்ஸ் அளவுக்கு விரியவில்லை, கொஞ்சம் மூக்கால் பேசியது. மேல்சத்தத்தைக் குறைக்கும் கட் குமிழைத் திருப்பி, கிற்றாரில் வொல்யூமை ஆறுக்கு இறக்கியதும் நல்லாவே வந்தது. நீண்ட கோர்ட் மணி மாதிரி. பிறகு மெலடி வரி. அம்ப் வொல்யூம் பாதியில். இழுத்தேன், அசைத்தேன், இரண்டாவது அசைவு முதலாவதைவிடக் கொஞ்சம் கரகரப்போடு வந்தது. இறங்கும்போது விரலைத் தளர்த்தினேன், காந்தாரம் சுத்தமாக விழுந்தது. ஒரு பெடலும் இல்லை. நான் பத்து நிமிடம் அந்த வரியை மட்டுமே வாசித்துக்கொண்டிருந்தேன், கடற்கரை_டெலி அக்கா ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தா.

ஆகவே ஏசி30 ஆசையை விட்டுவிட்டேன். பெட்டியோடு 32 கிலோ அளவு, விமானத்தில் கொண்டுவருவதும் முடியாத காரியம். மாமா கையால் வயர் செய்த ஏசி15 ஒன்றைப் பழையதாகக் கண்டுபிடித்திருக்கிறார், பின்பலகைப் படத்தில் 230 வோல்ட் என்று தெளிவாக இருக்கிறது. வீட்டில் இரவு வாசிக்க ஸ்பீக்கருக்குப் பதிலாக ஒரு லோட் பெட்டியும் கேட்டிருக்கிறேன். சூடான_ஈயம் அண்ணா, வந்ததும் என்ன செய்ய வேண்டும்?


பேஸ்_நாலு · கிருலப்பனை

மண்டபத்தில் ஸ்பீக்கரை உன் காதைப் பார்த்துச் சாய்த்து வை. மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.


சூடான_ஈயம் · மட்டக்குளி

நல்ல தெரிவு. பலகையில் ஊன்றிக் கையால் ஈயம் வைத்தது என்றால் எனக்கும் திருத்தச் சுலபம்.

மாமாவிடம் சொல்லும், வால்வ் எல்லாவற்றையும் கழற்றி, எது எந்தக் குழியில் இருந்தது என்று ஒட்டி எழுதி, துணியில் சுற்றிக் கைப்பையில் கொண்டுவரட்டும். லோட் பெட்டி எத்தனை ஓம் என்று வாங்க முன்னமே பாரும். அம்பின் பின்னால் ஸ்பீக்கர் துளைக்குப் பக்கத்தில் என்ன ஓம் எழுதியிருக்கிறதோ அதே ஓம். ஸ்பீக்கரும் இல்லாமல் லோடும் இல்லாமல் ஒரு கணம்கூட அம்பைப் போட வேண்டாம், அவுட்புட் ட்ரான்ஸ்ஃபோமர் போய்விடும். கல்யாண மண்டபத்தில் ஜெனரேற்றரில் ஓடுகிறார்கள் என்றால் முதலில் மீற்றரைக் குத்தி வோல்ட்டைப் பார்த்துவிட்டுச் சொருகும். மின்வெட்டுக்கென்று வாங்கிய மலிவான இன்வேர்ட்டரில் போட வேண்டாம், அதன் அலை சதுரம், ட்ரான்ஸ்ஃபோமர் உறுமிச் சூடாகும்.

விமானத்திலிருந்து வந்த அன்றே போடாதையும். ஒரு இரவு திறந்த அறையில் வைத்து ஈரத்தை ஆற விடும். அடுத்த நாள் இங்கே கொண்டுவாரும். அறுபது வொட் இழை பல்ப் ஒன்றை அம்புக்குத் தொடராகக் கட்டி, அதன் வழியாகத்தான் முதல் கரண்ட் கொடுப்பேன். பல்ப் பளிச்சென்று எரிந்து பிறகு மங்கினால் நல்லது. மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே எங்கோ ஷோர்ட். பல்பைக் கழற்றிய பிறகு அந்த மெலடி வரியை முதலில் இங்கே ஒருக்கா வாசித்துக் காட்டும். டெலிகாஸ்டரையும் கொண்டுவாரும்.